பயணத்தில் உள்ளார்

எங்கள் துறையின் பழைய ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன நாளில் அலுவலக வாசலில் ஒரு சிறிய கூட்டம் நடந்தது. "டீசல் விடுதலை நாள்" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மின்னூர்தி ஊக்குவிப்பு ஆணையத்திலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர், ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து ஒருமுறை ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். இழுத்தோம். "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார். ஜீப்பை இழுத்துப் போன லாரியின் புகை அப்போதுதான் வாசலுக்குள் வந்துகொண்டிருந்தது. தெரிகிறது என்றோம்.

ஜீப்பை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். சாவியைத் தட்டில் வைத்து ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் அது பழக்கம். அலுவலகத்திலிருந்து பாறைக்கு அறுபது கிலோமீட்டர். போகும்போது அறுபது, வரும்போது அறுபது, இருபத்திரண்டு வருடம், மாதம் ஒருமுறை. அவ்வளவு தூரத்தையும் நாங்கள் ஏறக்குறைய பேசாமலேயே கடந்திருக்கிறோம். அதை நான் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

நான் மைப்படி எடுப்பவன். பாறையில் செதுக்கியிருப்பதை அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. ஈரக் காகிதத்தைப் பாறைமேல் விரித்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்க வேண்டும். பாதி காய்ந்ததும் துணிப்பந்தால் மை ஒற்ற வேண்டும். மேடான இடமெல்லாம் கறுத்துவிடும். செதுக்கிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். மை தொடாமல் விட்டதுதான் படம்.

தொல்பாறைத் துறை என்று பெயர் இருந்தாலும் எங்களிடம் இருந்தது நாலாயிரம் வருடப் பழைமையான ஒரே பாறைதான். அதில் நாற்பத்தோரு உருவங்கள். இடதுபக்கம் ஒரு பெட்டி; பெட்டிக்குக் கீழே நான்கு வட்டங்கள்; பெட்டியின் பின்னாலிருந்து ஒரு கோடு போய் ஒரு தூணைத் தொடும். மீதி நாற்பதும் ஆட்கள். முகமில்லாத ஆட்கள். எல்லோரும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக வலப்பக்கம் நடந்து போகிறார்கள். யார் செதுக்கினார்கள், எங்கே போகிறார்கள், எதுவும் யாருக்கும் தெரியாது. பெட்டி ஓர் ஆமை என்று இயக்குநர் முந்நூறு பக்கத்தில் நிறுவியிருந்தார். அந்த ஆமைதான் அவரை இயக்குநராக்கியது.

உருவங்கள் யாராலும் திருடப்படாமல் இருக்கின்றனவா என்று மாதந்தோறும் மைப்படி எடுத்து எண்ணிச் சரிபார்ப்பது விதி. எண்ணிக்கை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பதினோரு பத்திகள் இருந்தன. கூடினால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நான் கடைசித் தட்டுத் தட்டி முடித்த பிறகு, பாறைக்குள்ளிருந்து ஒரு தட்டு வரும். தாமதமாக, ஒன்றே ஒன்று. முதல் வருடமே இதை எழுதி அனுப்பினேன். "ஒலி இத்துறையின் வரம்புக்குள் வராது" என்று கோப்பை மூடிவிட்டார்கள். மச்சான் மட்டும் சிரிப்பார். "பாறைகூட பதில் சொல்லுது மாப்ள. நீதான் வாயத் தொறக்க மாட்டேங்கற."

புதிய கார் வெள்ளை நிறம். ஒருமுறை சார்ஜ் செய்தால் நூற்றுமுப்பது கிலோமீட்டர் போகும் என்று கையேட்டில் இருந்தது. பாறைக்குப் போய்வர நூற்றிருபது. ஒருங்கிணைப்பாளர் இதைக் கரும்பலகையில் கழித்துக் காட்டினார்.

"பத்து கிலோமீட்டர் மிச்சம். அதை நீங்க இஷ்டப்படி செலவு பண்ணிக்கலாம்" என்றார் மச்சானிடம்.

"கடைசி ஏழு கிலோமீட்டர் மலை சார். செங்குத்தா ஏறணும்."

"கொள்கையைச் சமதளத்துல உட்கார்ந்துதான் எழுதினோம். அமலும் சமமாத்தான் இருக்கும். அவநம்பிக்கையோட ஓட்டினா எந்த வண்டியும் போகாது."

அத்தோடு பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் முடிவானது. நான் அறுபத்தெட்டு கிலோ. மை, காகிதம், பிரஷ் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. இந்த எண்பது கிலோ திட்டத்தின் வெற்றிக்கு இடைஞ்சல் என்று குறிப்பெழுதினார்கள். பாறையில் வேலை உள்ள ஒரே ஆளை விட்டுவிட்டுப் பாறைக்குச் சோதனைப் பயணம் ஏற்பாடானது.

காலையில் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். திரையில் எண்பத்தொன்று என்று காட்டியது. ராத்திரி முழுக்க சார்ஜில் இருந்த வண்டி நூறு காட்டியிருக்க வேண்டும். ஆனால் மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தின் எல்லா மின் இணைப்பையும் அணைத்துவிட வேண்டும் என்று மின்சிக்கனச் சுற்றறிக்கை ஒன்று உண்டு. அணைத்திருந்தார்கள்.

மச்சான் வலது முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அப்படி ஊன்றியதில் அவருடைய வலது தோள் ஒரு விரல்கடை இறங்கிப் போயிருந்தது.

"என்ன மாப்ள, போய்ட்டு வந்துடலாம்ல?"

எண்பத்தொன்று என்பது என் வாய்வரை வந்தது. வராந்தாவில் இயக்குநரும் ஒருங்கிணைப்பாளரும் கைதட்டத் தயாராக நின்றார்கள். நான் தலையாட்டினேன்.

ஜீப் கிளம்பினால் அது போன பிறகும் அதன் சத்தம் கொஞ்ச நேரம் தெருவில் நிற்கும். இந்த வண்டி போனபோது எதுவுமே மிச்சம் இல்லை.

அன்று அவர் திரும்பவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்முன்பே போய் நின்றேன். பயணப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு எழுத்தர் அம்மா வந்தார். எண்ணும் தேதியும் பிசகாமல் எல்லாச் சுற்றறிக்கைகளையும் ஒப்பிப்பார் என்பதால் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர். அழைத்தால் திரும்பியும் பார்ப்பார்.

"சார், அவர் காணாம போகல. பயணத்துல இருக்கார்."

"நேத்தே வந்திருக்கணும்மா."

"வந்திருந்தா பதிவேட்டுல திரும்பின நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். போடல. அப்ப பயணம் முடியல. முடியாத பயணத்துல இருக்கறவரைக் காணாம போனவர்னு எப்படி சார் எழுதறது?"

"பதிவேடு அவர்கிட்டதான இருக்கு?"

"அதேதான் சார். அவர் வந்து பதிவேட்டைக் கொடுத்தாத்தான், அவர் வரலைனு நான் எழுத முடியும்."

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. என் முன்னாலேயே வருகைப் பதிவேட்டில் மச்சான் பெயருக்கு நேராக "பயணத்தில் உள்ளார்" என்று அழகாக எழுதினார்.

காவல் நிலையத்திலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "டூட்டில இருக்கறவரைத் தேடினா அது டூட்டிக்கு இடையூறு. காணோம்னு உங்க ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, இப்பவே ஆளனுப்பறேன்."

வீட்டில் என் மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். சொன்னேன்.

"டூட்டில இருக்காராமா? சரி, வீட்டுக்கு எப்ப வருவார்னு அதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"அவர் போற அன்னிக்கு நீங்க வாசல்ல இருந்தீங்கதானே?"

"இருந்தேன்."

"ஏதாவது சொன்னாரா?"

போய்ட்டு வந்துடலாம்ல என்று கேட்டார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒருங்கிணைப்பாளர் தன் செல்போனை எங்களிடம் நீட்டினார். பாறை இருக்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே "ஓய்வில் உள்ளது" என்று எழுதியிருந்தது.

"பாத்தீங்களா? வண்டி பத்திரமா இருக்கு."

"சார்ஜ் தீர்ந்து நின்னுடுச்சா சார்?" என்று கேட்டேன்.

"நிக்கறதுங்கறது டீசல் காலத்துச் சொல். மின்னூர்தி நிக்காது. ஓய்வெடுக்கும். நின்னுடுச்சுனு ஒரு தாள்ல எழுதினா, இந்த வருஷ இலக்கு நூறு சதவீதத்துலேருந்து கீழ வந்துடும். ஒரு மனுஷனுக்காக நாட்டோட இலக்கைக் குறைக்கணும்னு அவரே விரும்ப மாட்டார்."

"ஒரு லாரி அனுப்பிப் பார்க்கலாமே."

"டீசல் லாரியா? எந்த முகத்தோட? அரசுப் பணிக்கு இனி மின்னூர்திதான். இன்னொரு மின்னூர்தி அனுப்பலாம். அதுவும் அங்க போய் ஓய்வெடுக்கும்."

இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாறையிலேயே ஒரு சார்ஜர் நட்டுவிடுவது. சுற்றியுள்ள மண் வனத்துறையுடையது. எங்களுக்கு உரிமையானது பாறை மட்டும். ஆகவே பாறையில்தான் துளை போட வேண்டும். வரிசையின் வலது ஓரத்தில், நாற்பதாவது ஆளுக்கு முன்னால், ஒரு கஜ அகலத்துக்கு வெறும் இடம் உண்டு. அங்கே எந்த உருவமும் இல்லை என்று மைப்படி எடுத்து நான் சான்றளிக்க வேண்டும்.

"சார்ஜர் வந்தா வண்டி வரும்" என்றார் இயக்குநர், என் தோளில் கைவைத்து. "வண்டி வந்தா பதிவேடு வரும். பதிவேடு வந்தா உங்க மச்சான் வரலைங்கறது உறுதியாகும். உறுதியான அடுத்த நிமிஷம் தேட ஆரம்பிச்சிடலாம்."

"எவ்வளவு நாள் ஆகும் ஐயா?"

"துரித கதியில் ஆறு மாசம்."

மறுநாளே கிளம்பினேன். என் எடை இப்போது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை, ஏனென்றால் என்னைப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டார்கள். மலையடி வளைவில் ஒரு கடை. அங்கே இறங்கி ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டேன்.

"வெள்ளை வண்டிதான? மேல போச்சு. சத்தமே இல்லாம போச்சு, பேய் மாதிரி. யாரும் இறங்கி வரல. நான் இந்த ஸ்டூலை விட்டு எங்க போறேன்? வந்தா கண்ணுல படாம இருக்காது."

நடுப்பகலில் பாறைக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டி பாறையின் அடியில் நின்றது. ஓய்வெடுத்தது என்றுதான் எழுத வேண்டும். கண்ணாடிமேல் சருகு விழுந்திருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. முன்னிருக்கையில் பதிவேடு திறந்து கிடந்தது. நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திப் படித்தேன். மச்சானின் சாய்ந்த கையெழுத்து. "சேர்ந்த நேரம் 11.40. சார்ஜ் பூஜ்யம். போனில் சிக்னல் இல்லை. நடக்கிறேன்." எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. அதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பாறையைச் சுற்றி வந்தேன். கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. அந்த வெயிலில், அந்த அமைதியில், வாய் வரவில்லை. அமைதி என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வெறும் இடத்தைக் கழுவி, காகிதத்தை நனைத்து விரித்து, தட்டத் தொடங்கினேன்.

தட்டும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் உள்ளே இறங்கியது. நிறுத்தவில்லை. மை ஒற்றினேன். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஓர் ஆள் வந்தார். வலது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. இடது கையில் தண்ணீர்க் கேன் தொங்கியது. எல்லோரையும் போலவே பெட்டிக்கு முதுகைக் காட்டி வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

பாறை ஒரு தட்டு தட்டியது. நான் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கிய பிறகு, இன்னொன்று.

வீட்டுத் தரையில் அதை விரித்தேன். என் மனைவி மண்டியிட்டுப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், கடைசியில் பாதத்துக்கு வந்தாள்.

"ஷூவோட பின்பக்கத்தை மிதிச்சு, செருப்பு மாதிரி போட்டிருக்கார் பாருங்க. எத்தனை தடவை திட்டியிருக்கேன்."

உண்மைதான். குதிகால் வெளியே தெரிந்தது.

"கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அவ்வளவு தூரம் போயிட்டு, பேர் சொல்லி ஒரு தடவைகூட கூப்பிடலையா?"

நான் பேசாமல் இருந்தேன். அவளும் அதற்குமேல் பேசவில்லை. என் மௌனத்தில் நான் எப்போதும் ஒளிந்துகொள்வேன். அவள் மௌனத்துக்குள் அன்று எனக்கு இடம் கிடைக்கவில்லை.

"எழுதிக் கொடுங்க" என்றாள் வெகுநேரம் கழித்து. "அந்த இடம் காலியா இல்லைனு எழுதுங்க. யாருன்னும் எழுதுங்க."

தாளின் மூலையில் எழுதினேன்: "நாற்பத்திரண்டாவது உருவம். இத்துறையின் ஓட்டுநர். என் மனைவியின் அண்ணன்."

இயக்குநர் அந்தத் தாளை மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு படிதான் இருக்கு. மூணு கொடுக்கணும்" என்றார்.

"ஐயா, அது அவர்தான்."

"நான் எங்க இல்லைங்கறேன்? துறை எடுத்த மைப்படி எந்த மன்றத்திலும் செல்லும் சாட்சியம். நீங்க எழுதிட்டீங்க, அப்ப அவர்தான். உருவம் கூடினா என்ன செய்யணும்னு விதி இல்லை. அதனால இது விதிமீறலும் இல்லை. நல்ல செய்திதான்."

அந்த நேரம் ஒருங்கிணைப்பாளர் உள்ளே வந்தார். என் தாளின் பக்கத்தில் பழைய தாள் ஒன்று, பெட்டியின் மைப்படி, விரிந்திருந்தது. அதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. குனிந்தார். நிமிரவில்லை.

"இது என்ன?"

"ஆமை" என்றார் இயக்குநர்.

"நாலு சக்கரம் இருக்கே."

"கால்களை வட்டமாக் காட்டற மரபு."

"பின்னால வயர் போகுது. போய் ஒரு சார்ஜர்ல சேருது."

"அது வால். வந்து... வால்னு ஒரு தரப்பு சொல்லுது."

ஒருங்கிணைப்பாளர் நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. "நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கொள்கையை அமல்படுத்தியிருக்காங்க சார்."

இயக்குநர் தன் முந்நூறு பக்கத்தை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நீண்ட மூச்சு விட்டார். "ஆமைக்கும் புகை கிடையாது" என்றார்.

அடுத்த பத்து நாட்கள் அலுவலகத்தில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். உலகின் முதல் மின்னூர்தி என்று அறிவிக்க அமைச்சர் வருகிறார். பெட்டியின் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினார்கள்.

அமைச்சர் மின்னூர்தியில் வந்தார். அந்த மின்னூர்தி தெருமுனை வரை ஒரு டீசல் லாரியின் மேல் வந்தது. அங்கே இறக்கி, அவரை ஏற்றி, கடைசி இருநூறு மீட்டரை எந்தச் சத்தமும் இல்லாமல் ஓட்டிவந்தார்கள்.

"நாம புதுசா எதையும் செய்யல" என்று அமைச்சர் பேசினார். "எல்லாத்தையும் நம்ம முன்னோர் செஞ்சு முடிச்சுட்டாங்க. அதனாலதான் செய்யறதுக்கு எதுவும் மிச்சமில்லைனு இந்த அரசு உறுதியா நம்புது. இந்தப் பாறையில சார்ஜ் ஏத்தியிருக்காங்க! மறுபடியும் அதே பாறையில சார்ஜர் வைக்கறதுக்கு நடுவுல நாலாயிரம் வருஷம் தாமதம் ஆயிருக்கு. அதுக்கு முந்தைய ஆட்சிகள்தான் பொறுப்பு."

கைதட்டினார்கள். பிறகு திரையை விலக்கினார்கள்.

எனக்கு முதலில் என்ன தவறென்று தெரியவில்லை. பிறகு புரிந்தது. மைப்பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்று, சட்டம் போட்டவர் என் தாளை மட்டும் திருப்பி வைத்துவிட்டார். மெல்லிய காகிதம், பின்பக்கமும் படம் நன்றாகவே தெரியும், இடவலம் மாறி. மச்சான் இப்போது வண்டியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"பாருங்கள்" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "சார்ஜ் ஏறி முடிந்ததும் ஓட்டுநர் தன் வாகனத்துக்குத் திரும்புகிறார். இந்தச் சாட்சியத்தின் அடிப்படையில், நம் ஓட்டுநரின் பயணமும் முறைப்படி முடித்து வைக்கப்படுகிறது. அவர் திரும்பிவிட்டார்."

கூட்டத்தின் கடைசி வரிசையில் என் மனைவி எழுந்து நின்றாள். அவள் இயக்குநரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எண்பத்தொன்று என்று நான் சொல்லாமல் விட்ட காலையில் மச்சானும் அதே கண்ணால்தான் பார்த்தார். அண்ணன் தங்கைக்கு ஒரே கண்.

"ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்தத் தாளைத் திருப்பி மாட்டியிருக்கு. அவர் வரல. போறார். வண்டியில சார்ஜ் தீர்ந்து, விட்டுட்டுப் போறார். கிளம்பும்போதே எண்பத்தொண்ணுதான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துட்டுச் சொல்லல."

இயக்குநர் புன்னகை மாறாமல் அமைச்சர் பக்கம் சாய்ந்தார். "நல்ல அனுபவசாலிங்க. ஆனா மை ஒற்றறதுதான் இவர் வேலை. திசை, கொள்கை முடிவு."

"எந்தப் பக்கம் போனா என்ன?" என்றார் அமைச்சர் பெருந்தன்மையோடு. "போயிட்டிருந்தா அது முன்னேற்றம்தான்."

அதற்குத்தான் அன்று அதிகமாகக் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் சுற்றறிக்கை என்னைத் தூணோரம் அழைத்து இரண்டு கடிதங்களைக் கொடுத்தார். முதலாவது, ஓட்டுநர் பணி முடித்து நலமாகத் திரும்பினார் என்று குடும்பத்துக்குத் தெரிவிப்பது. இரண்டாவது, திரும்பிய பிறகு வேலைக்கு வராததற்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்பது.

"நான்தான் சார் டைப் அடிச்சேன்" என்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டார். "திங்கட்கிழமை பாறையில துளை போடறாங்க. அந்த இடத்துலயேதான். ஞாயித்துக்கிழமை அங்க யாருக்கும் டூட்டி இல்ல. இதுக்குச் சுற்றறிக்கை எதுவும் இல்ல சார், நானாத்தான் சொல்றேன்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்கண்ணன் மேலயா ஓட்டை போடுவாங்க?" பிறகு இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தாள்.

ஞாயிறு நடுப்பகலில் பாறையடியில் இருந்தோம். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து எதுவும் கேட்கவில்லை. வண்டிமேல் சருகு இன்னும் கூடியிருந்தது. துளை போட வேண்டிய இடத்தில் சிவப்புச் சுண்ணத்தால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு நடுவே மச்சானின் முதுகு வந்தது. என் மனைவி உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். "சுடுது" என்றாள்.

திங்களுக்குப் பிறகு இது இருக்காது என்பதால் கடைசியாக ஒரு படி எடுத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தை நனைத்தேன். விரித்தேன், தட்டினேன். முடித்துவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பாறை பதில் தட்டவில்லை. காத்திருந்தோம். வெயில் மட்டும் இருந்தது.

"இப்பவாவது கூப்பிடுங்க" என்றாள் அவள்.

"மச்சான்!"

குரல் மரங்களுக்குள் போயிற்று. எதிரொலிகூட இல்லாமல் போயிற்று. மறுபடியும் கூப்பிட்டேன். "மச்சான், சார்ஜ் எண்பத்தொண்ணுதான் இருந்தது! நான் சொல்லல! எந்தப் பக்கம் போனீங்க?" தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். அவளும் என்னோடு சேர்ந்து கூப்பிட்டாள்.

பிறகு மை ஒற்றினேன். கை நின்றது.

மச்சானுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு ஆண், தோளில் பை, பைக்கு வெளியே பிரஷ்ஷின் பிடி. ஒரு பெண், இரண்டு கையிலும் பாட்டில். இருவர் பாதமும் மச்சான் போகும் பக்கமே திரும்பியிருந்தன.

மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வா போகலாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதுதான் எனக்குப் பழக்கம். தாளை உரித்து, மைப்பக்கம் மேலே இருக்குமாறு, அவளிடம் கொடுத்தேன்.

விதிப்படி மூலையில் தேதி எழுதினேன். வாகனம்: இல்லை. உருவங்கள்: நாற்பத்து நான்கு. திரும்பிய நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

அவள் தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, எங்களுக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவே வைத்து அளந்தாள். பிறகு பாதங்கள் காட்டிய பக்கத்தில், பாதை இல்லாத இடத்தில், கிளையை விலக்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஒரு சாண்தான் இருக்கு" என்றாள் திரும்பாமல். "எட்டி நடங்க."